நான் கொண்டுவந்து விட்ட மீன்

நேற்று ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது அடித்தட்டில் ஒரு கொத்தமல்லிக் கட்டு அகப்பட்டது. கவரோடு வைத்து மறந்துபோயிருக்கிறேன். பிரித்ததும் பச்சையெல்லாம் கரைந்து கறுத்த தண்ணீராகக் கையில் வழிந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் துணியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் பொத்தேரி வீட்டுக் கதவை நான் திறந்த ஒரு வியாழக்கிழமை இதே நாற்றம்தான் அடித்தது. என் மகள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒரு கட்டு கொத்தமல்லிக்கா அழுவுற?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உன்னைப் புதைத்த பிறகு இது இரண்டாவது மழைக்காலம். உன் தொட்டியில் நடந்ததை உனக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்கிற தைரியம்தான், வேறென்ன. உயிரோடு இருந்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறைமலைநகர் கம்பெனியில் ஒரே மேசையில் பதினோரு வருடம் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். ரப்பர் குழாய்களை விளக்குக்கு நேரே பிடித்து, கீறல் இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் கடகடவென்று போடுவேன். நீ ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். சூப்பர்வைசர் கத்துவார். ஆனால் நீ பார்த்து அனுப்பியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. என்னுடையது வந்திருக்கிறது. அதை நீ யாரிடமும் சொல்லிக்காட்டியதும் இல்லை.

நீ மீன் தொட்டி வாங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டு மேசையே சிரித்தது. நாற்பது வயதில், கல்யாணமும் பண்ணிக்கொள்ளாமல், மூன்றாவது மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருப்பவளுக்கு மீன் தொட்டி. நான் எலக்ட்ரிக் டிரெயின் ஏறி உன் வீட்டுக்குப் பார்க்க வந்தேன். இரண்டடி நீளம், ஓரடி உயரம். அடியில் மண், மேலே நாடா நாடாவாக ஏதோ செடி, ஒரு கல்லில் நூல் சுற்றிக் கட்டிய பாசி. மீன் மட்டும் இல்லை. "இன்னாடி, தண்ணில தோட்டம் போட்டுகினு கீற?" என்று கேட்டேன். "செடி வேரு புடிக்கட்டும். தண்ணி பதமாவட்டும். வூடு கட்டாம ஆள குடி வெப்பியா?" என்றாய். மூன்று மாதம் அந்த வெறும் தொட்டிக்கு விளக்குப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாய்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு, என்னையும் இழுத்துக்கொண்டு ஊரப்பாக்கம் கடைக்குப் போனாய். அன்றைக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைக்காரர் நல்ல மனிதர். "யக்கா, எல்லாம் ஒண்ணா இருக்கும், எட்த்துகினு போ" என்றார். நீ நகரவில்லை. ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்துக் கேட்டாய். இது மேலே நீந்துமா, நடுவிலா, தரையிலா? வளர்ந்தால் எவ்வளவு நீளம் வரும்? தனியாக விட்டால் பயப்படுமா, எத்தனை பேர் கூட வேண்டும்? இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர் தாங்குமா? எல்லாவற்றுக்கும் கடைசியாக, "அதும் வாய் எவ்ளோ பெருசு?"

கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "இன்னாக்கா, மீனு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றார்.

"பொண்ணு பாத்து தப்பாச்சின்னா ஒருத்தி வாழ்க்கைதான் போவும். இங்க பத்து பன்னெண்டு உசுரு கீது" என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, நீ மறுபடியும் குனிந்துவிட்டாய்.

எனக்குத் தங்கமீன் பிடித்திருந்தது. நீ, அது செடியை நோண்டிப் போடும், அழுக்கும் அதிகம் என்றாய். கோடு போட்ட மஞ்சள் மீனைக் காட்டினேன். அது அடுத்ததன் வாலைக் கடிக்கும் என்றாய். நீ முதலில் எடுத்தது தேன் நிறத்தில் ஒரு சின்னக் குராமி. இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வராமல் இருந்தது. இதையா என்று முகம் சுளித்தேன். "ரொம்ப பயப்படறத மொதல்ல எடுக்கணும்டி. அப்பறம் அத பயமுறுத்தாததா பாத்து எடுக்கணும். எல்லாரும் அழகா கீறத மொதல்ல எடுத்துட்டு, அது மத்தத சாப்ட்டா ஐயோன்றாங்க" என்றாய். அதன் பிறகுதான் நடுத்தண்ணீருக்கு விரல் நீளம்கூட இல்லாத ஆறு ராஸ்போரா, தரைக்கு மீசை வைத்த ஐந்து கோரி. மொத்தம் பன்னிரண்டு.

திரும்பி வரும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு டிரெயினில் சொன்னாய்: "வூடு தேடி அலைஞ்சப்ப பூரா என்னைதான் கேள்வி கேட்டாங்க. இன்னா ஆளு, எந்த ஊரு காலனி, மாட்டுக்கறி ஆக்குவியா, ஆருனா வருவாங்களா. இங்கதான் நான் கேள்வி கேக்கறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் உன்னைக் கேள்வி கேட்ட வீடுகளில் ஒன்று என் சின்ன மாமனார் வீடு. நான்தான் உன்னை அங்கே அனுப்பினேன். அவர் உன்னை என்ன கேட்டார் என்று நீயும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

நான்கு வருடம் அந்தப் பன்னிரண்டும் ஒன்றாக இருந்தன. சண்டை இல்லை, சாவு இல்லை. ஆட்களை வைத்துக்கொண்டு பெரிய கம்பெனிக்காரர்களால் செய்ய முடியாததை இரண்டடித் தொட்டியில் நீ செய்து வைத்திருந்தாய். அந்தக் குராமிகூட வெளியே வந்து உன் விரல் இருக்கும் இடத்தில் கண்ணாடியை மோதும்.

கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்த அன்று நீ மேசையில் உட்கார்ந்து முழு ஷிப்டும் முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேரும் முன்பு வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாய். "ஒரு நாளைக்கு ரெண்டு சிட்டிகை. அதிகம் போடாத. விளக்கு சாயங்காலம் அணைச்சிடு. புதுசா எதையும் உள்ள போடாத. நீயும் போடாத, எவ சொன்னாலும் போடாத." சொன்னது இவ்வளவுதான். உன் தம்பி கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, அவனால் தினமும் வர முடியாது. எனக்கு ஆஸ்பத்திரி பக்கம். ஆகவே நீயும் என் பொறுப்பு, மீனும் என் பொறுப்பு.

ஆபரேஷன் முடிந்து உனக்கு ஜுரம் வந்தது. ஒரு வாரம் இறங்கவில்லை. என்னை அடையாளம் தெரியாமல் உங்கள் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். டாக்டர் "பாக்கலாம்மா" என்றார். டாக்டர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து அடுப்படியில் அழுதுகொண்டிருந்தேன். என் ஓரகத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கெட்டவள் இல்லை. "ஒரு வாஸ்து மீனு வாங்கி வைக்கா. நெத்தி பொடச்சிகினு இருக்குமே, அது. வூட்டுக்கு வர்ற கண்டத்த அது தன் மேல வாங்கிக்கும். எங்க அண்ணன் மேல லாரி ஏறி எறங்க வேண்டியது. அன்னிக்கு காத்தால மீனு செத்து மெதக்குது. அண்ணனுக்கு கால்ல சிராய்ப்புதான்" என்றாள்.

உன்னிடம் சொல்லியிருந்தால் கொன்றிருப்பாய். ஆயுத பூஜைக்கு நம் கம்பெனி மெஷினில் பொட்டு வைத்தாலே, "மெஷினுக்கு ஜலதோஷமா, விக்ஸ் தடவறீங்க?" என்று கேட்டவள் நீ. ஆனால் நீ அப்போது நினைவில்லாமல் கிடந்தாய். உன் வீடு, உன் தொட்டி, உன் உயிர். முடிவெடுத்தது நான்.

ஊரப்பாக்கம் கடைக்குப் போகவில்லை. அவர் கேட்பார் என்று தெரியும். செங்கல்பட்டிலேயே வேறொரு கடையில் வாங்கினேன். என் உள்ளங்கை நீளம் இருந்தது, ஃபிளவர்ஹார்ன். சிவப்பும் கறுப்பும், நெற்றியில் மேடு கிளம்பத் தொடங்கியிருந்தது. கடைப் பையன்கூடக் கேட்டான்: "தனியா தான வெக்கப் போறீங்க? இது எதோடயும் சேராதுங்க." "தனியாதான்" என்றேன். நான் அதன் வாயைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிற்பாடு உன்னிடம் சொன்னது பொய். என் கட்டைவிரல் உள்ளே போகும் அளவுக்கு வாய். ராஸ்போரா எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் வாங்கினேன். இரண்டு மூன்று நாளில் இது செத்துவிடும், உன் கண்டம் கழிந்துவிடும், எடுத்துப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உன் மீன்கள் அது வரைக்கும் எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை உன் தொட்டியில் விட்டேன். திங்கள் சாயங்காலம் வந்து பார்த்தபோது ராஸ்போரா நாலுதான் இருந்தது. ஃபிளவர்ஹார்ன் மட்டும் புதிதாக வாங்கிய சாமான் மாதிரி பளபளவென்று தொட்டி முழுக்கத் திரிந்தது. உன் பச்சை வலையை எடுத்தேன். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்தேன். வலையைத் தொட்டிக்குள் விட்டுவிட்டேன், கேட்கிறாயா? அதை ஓர் ஓரத்துக்கு ஒதுக்கியும் விட்டேன். அப்போது போன் அடித்தது. உன் தம்பி, வார்டிலிருந்து. "யக்கா, ஜுரம் எறங்கிட்டுது. கஞ்சி வேணும்னு வாயத் தொறந்து கேட்டாங்க" என்று அழுதான்.

நான் வலையை வெளியே எடுத்து, உதறி, ஆணியில் மாட்டினேன்.

இதுதான் நான் உனக்குச் சொல்லாத பாதி. தெரியாமல் நடக்கவில்லை. இரண்டு மீனுக்கு ஜுரம் இறங்கியது என்றால் மிச்சத்துக்கு நீ எழுந்து உட்காருவாய் என்று நினைத்தேன். சாக வேண்டிய மீன் சாகவில்லை, பரவாயில்லை, இவை போகட்டும் என்று முடிவு பண்ணினேன். தினமும் வந்தேன். தினமும் எண்ணினேன். செவ்வாய்க்கிழமை ராஸ்போரா முழுவதும் போயிற்று, நீ படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்தாய். புதன்கிழமை குராமி. கடையில் நீ முதல் ஆளாக எடுத்தாயே, அது. அன்றைக்கு நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். வியாழக்கிழமை கதவைத் திறந்ததும் நாற்றம். அந்த ஃபிளவர்ஹார்ன் மண்ணைத் தோண்டி செடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கி மிதக்க விட்டிருந்தது. இலையெல்லாம் அழுகிப்போய் இருந்தது. தரையில் கோரிகள் கண் இல்லாமல் கிடந்தன. ஒன்று மட்டும் ஃபில்டருக்குப் பின்னால் சந்தில் ஒட்டிக்கொண்டு இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதையாவது எடுத்து ஒரு பாத்திரத்தில் விட்டிருக்கலாம். விடவில்லை. அதைப் பார்த்து, நீயும் போயிடு என்று சொன்னேன். வாய் விட்டே சொன்னேன்.

நீ டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆட்டோவில் வரும்போதே மீனைப் பற்றித்தான் கேட்டாய். நான் ஏதேதோ பேசி மழுப்பினேன். மூன்று மாடி. ஒவ்வொரு மாடியிலும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாய். உள்ளே போனதும் நாற்காலியில்கூட உட்காராமல் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாய். கலங்கல் தண்ணீரில் அது மட்டும் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தது.

"எவ போட்டது இத?"

"நான்தான்டி. வாஸ்து மீனுன்னாங்க. உன் கண்டத்த வாங்கிக்கும்னாங்க. தெரியாம போட்டுட்டேன்."

"வாய் எவ்ளோ பெருசுன்னு பாத்தியா?"

"பாக்கல."

என்னை நேராகப் பார்த்தாய். ரப்பர் குழாயை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது அந்த முகம் இருக்கும். பிறகு, கத்தாமல் சொன்னாய்: "எனக்காக ஒருத்தர் செத்தாருன்னு எங்க கோயில்ல வாரா வாரம் சொல்றாங்க. அதையே தாங்க முடியாமதான் நான் தலை குனிஞ்சி உக்காந்துகினு வர்றேன். இப்ப நீ இன்னும் பன்னெண்டு பேர சேத்துட்ட. என்னை ஒரு வார்த்த கேட்டியாடி?"

நான் அழுதேன். நீ அழவில்லை. "சாவிய குடு" என்று கையை நீட்டினாய்.

அதற்குப் பிறகும் நான் சோறு கொண்டு வந்தேன், நீ சாப்பிட்டாய். பேசினாய், சூப்பர்வைசரைக் கிண்டல் பண்ணினாய். எல்லாம் பழையபடிதான். ஆனால் சாவியைத் திருப்பித் தரவே இல்லை. நான் பெல் அடித்தால் நீயே சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதவைத் திறப்பாய். உள்ளே உன் கால் இழுபடும் சத்தம் கேட்கும். அந்த நேரம் முழுக்க நான் வெளியே நிற்பேன். கட்டி மறுபடி வந்து, எழுந்திருக்கவே உயிர் போகும் நிலையிலும் நீயேதான் திறந்தாய். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த மீனை நீ தூக்கிப் போடுவாய் என்று நினைத்தேன். வேளைக்கு வேளை தீனி போட்டாய், அந்த உடம்போடு தண்ணீரும் மாற்றினாய். கேட்டதற்கு, "இது இன்னா பண்ணும், பாவம். கேட்டுகினா வந்துச்சு? அதும் வாய் அவ்ளோ. திரும்பக்கூட எடமில்லாத தொட்டில அதயும்தான் நீ மாட்டி வுட்ட" என்றாய். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு தம்பியோடு கடற்கரைப் பக்கம் உங்கள் ஊருக்குப் போன அன்று அதை என்னிடம் கொடுத்தாய். "பெரிய தொட்டியா வாங்கி தனியா வை. அதுக்கு ஜோடி தேடாத. இன்னொன்னு. அது சாவணும்னு வேண்டிக்காத."

சரி என்று தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து உன்னைப் பார்க்கக் கிளம்பினேன். செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் பஸ். சவுக்குத் தோப்பு தாண்டி மணலில் நடந்து வந்தேன். உன் தம்பி படலுக்கு வெளியே வந்து வழி மறித்த மாதிரி நின்றான். அவனால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"யக்கா, கோச்சிக்காதீங்க. சர்ச் ஆளுங்க வர்றாங்க, போறாங்க. எங்க அக்காதான் உங்கள மட்டும் உள்ள வுட வேணாம்னுட்டாங்க. ‘அவ மேல எனக்கு கோவம் ஒண்ணுமில்ல. ஆனா அவ வந்தா என்னைக் காப்பாத்தறேன்னு எதனா கொண்டாருவா. வாசல்லயே நிறுத்து’ன்னு சொன்னாங்க." பிறகு என் கைப்பையைப் பார்த்து, "எதனா கொண்டாந்தீங்களா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா, சும்மா பாக்கதான் வந்தேன்" என்றேன். வரும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி மந்திரித்து வாங்கிய கயிறு பைக்குள் இருந்தது. நீ தூங்கும்போது கட்டில் காலில் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தேன். ஜன்னல் வழியாக உன் இருமல் கேட்டது. கொஞ்ச நேரம் மணலில் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தேன். அடுத்து வந்தது உன்னை அடக்கம் பண்ணும் அன்றைக்குத்தான்.

அந்த மீன் இன்னும் இருக்கிறது. நாலடித் தொட்டியில், நீ சொன்ன மாதிரி தனியாக. என் கை நீளத்தில் பாதி வளர்ந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், வாஸ்து மீனா, நல்லது என்கிறார்கள்.

போன மாதம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது. மகள் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் துணி, பிளாஸ்க் எல்லாம் எடுத்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். வாசலுக்குப் போகும் வழியில் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். அந்த மீன் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் மெதுவாக அசைந்தது. நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஒரு எழுத்து பிசகாமல் ஞாபகம் இருந்தது. இருந்தும் கையைக் கூப்பி, நீ செத்துப்போயிடு, அவரு பொழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார், வாயுப் பிடிப்புதானாம். அன்றைக்குச் சாயங்காலம் கல் உப்புப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றினேன். நாலு நாளில் மீனும் தேறிவிட்டது. பக்கெட் பக்கெட்டாகத் தூக்கி ஊற்றும்போது நான் திருந்திவிட்டேன் என்றுகூட ஒரு நிமிடம் எனக்குத் தோன்றியது. பொய்தான். அடுத்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் நான் மறுபடியும் போய் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் நிற்பேன். இதைத் தெரிந்துதான் நீ என்னை வாசலிலேயே நிறுத்தினாய்.